லேப் பக்கம் – வாசகர் கேள்வி பதில்: முதல் மாத்திரைக்கு முன்னாடி ஒரு சாம்பிள்

போன இதழ்ல மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி பத்தி ரெண்டு பத்தி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நெனைக்கவே இல்ல. பாதிப் பேருக்கு மேல கல்ச்சர் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பி "இதுக்கு என்ன மாத்திரை போடலாம்"னு கேட்டிருக்கீங்க. அதை நான் இங்க சொல்லக் கூடாது, உங்க உடம்பைத் தொட்டுப் பாக்குற டாக்டர்தான் சொல்லணும். ஆனா அந்த பேப்பர் லேப்ல எப்படி உருவாகுது, அதுல இருக்குற எழுத்துக்கும் நம்பருக்கும் என்ன அர்த்தம், எங்க தப்பு நடக்கும், இதெல்லாம் இருபது வருஷமா அந்த மேஜைல உக்காந்தவ நான், தாராளமா சொல்லலாம். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.

ஈரோடு வாசகி: டாக்டரம்மா, என் மாமியாருக்கு நீர்க்கடுப்பு, கூடவே குளிர் காய்ச்சல். யூரின் கல்ச்சர் குடுத்தோம். சுகர் டெஸ்ட் ஒரு மணி நேரத்துல வந்துடுது, இதுக்கு மட்டும் மூணு நாள் ஆகும்ங்கறாங்க. அவசரம்னு சொல்லி கூட காசு கட்டினா சீக்கிரம் குடுப்பாங்களா?

எவ்ளோ காசு கட்டினாலும் முடியாதும்மா. சர்க்கரை ரத்தத்துல ஏற்கனவே இருக்கு, அதை அளந்தா போதும். கல்ச்சர்ல நாங்க உயிரோட இருக்குற கிருமியை வளக்கணும், வளந்தப்புறம் அது மேல மருந்தை வச்சு சாகுதா வளருதான்னு பாக்கணும். ரெண்டு தடவை ராத்திரி முழுக்க வளரணும், அதான் கணக்கு.

முதல் நாள் உங்க மாமியாரோட டப்பாவை நல்லா கலக்கிட்டு ஒரு சின்ன வளையக் கம்பிய அதுல முக்கி எடுப்போம், அந்த வளையத்துல ஒரு மி.லி.ல ஆயிரத்துல ஒரு பங்கு மட்டும்தான் ஒட்டும். அதை கிருமிக்குச் சாப்பாடு கலந்த ஜெல்லி மாதிரி இருக்குற அகார் தட்டுல இழுத்து விட்டு 37 டிகிரி பெட்டில வச்சிடுவோம். மறுநாள் காலைல திறந்து பாத்தா ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு புள்ளியா நிக்கும். ஈ.கோலைன்னா மெக்காங்கி தட்டுல ரோஸ் கலர்ல, கடுகு சைஸ்ல, தட்டையா தெரியும், கிளெப்சியெல்லான்னா கொழகொழன்னு, கம்பில தொட்டா நூல் மாதிரி இழுபடும். புள்ளிய எண்ணி ஆயிரத்தால பெருக்கினா ஒரு மி.லி.ல எத்தனை கிருமின்னு வந்துடும். நூறு புள்ளின்னா ஒரு லட்சம். ரிப்போர்ட்ல 'ஒரு லட்சத்துக்கு மேல்'னு போடுறது இப்படி எண்ணித்தான்.

இதுவரைக்கும் கிருமி யாருன்னுதான் தெரிஞ்சிருக்கு, எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு தெரியாது. அதுக்கு ரெண்டாவது நாள் அதுல நாலஞ்சு புள்ளிய எடுத்து உப்புத் தண்ணில கரைச்சு, ஒரு குறிப்பிட்ட கலங்கல் வர்ற வரைக்கும் சரி பண்ணுவோம். 0.5 மெக்பார்லண்டுன்னு சொல்வோம், மி.லி.க்கு சுமாரா 15 கோடி கிருமி இருக்கும். அதைப் பஞ்சுக் குச்சில எடுத்து முல்லர் ஹின்டன் அகார் தட்டு முழுக்க மூணு பக்கமும் திருப்பித் திருப்பிப் பூசுவோம், சாணி தெளிச்சு மெழுகுற மாதிரி ஒரு இடம் விடாம பூசணும். அப்புறம் கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி இடைவெளி விட்டு 6 மி.மீ. காகித வில்லைகளை வைப்போம், ஒவ்வொரு வில்லையிலயும் ஒரு மருந்து. திரும்ப பெட்டிக்குள்ள 16 மணி நேரத்துலேர்ந்து 18 மணி நேரம்.

மூணாவது நாள் காலைல தட்டைத் திருப்பி வெளிச்சத்துல புடிச்சா வெள்ளைப் புல்தரை மாதிரி கிருமி வளந்திருக்கும், மருந்து வேலை செஞ்ச இடத்துல மட்டும் வில்லையச் சுத்தி வட்டமா காலியா இருக்கும். அந்த வட்டத்தை ஸ்கேல் வச்சு மி.மீ. கணக்குல அளந்து, புத்தகத்துல இருக்குற எல்லைக் கணக்கோட ஒப்பிட்டு எஸ் (மருந்துக்குக் கட்டுப்படும்), ஐ (நடுவுல, பின்னாடி சொல்றேன்), ஆர் (கட்டுப்படாது) போடுவோம். வில்லையோட ஓரம் வரைக்கும் கிருமி வந்து நின்னுட்டா அந்த மருந்து அதுக்கு ஒன்னுமே இல்ல. 1966-ல பாவர், கிர்பி இவங்கல்லாம் சேந்து எழுதின முறை இது, இன்னிக்கும் நம்ம ஊர் லேப்கள்ல தினமும் ஓடிக்கிட்டு இருக்கு. பெரிய லேப்ல தானியங்கி மெஷின் இருந்தா ரெண்டாவது நாள் சாயந்தரமே சொல்லிடலாம், அவ்ளோதான் மிச்சம்.

அதுவரைக்கும் சும்மா இருக்கணுமான்னு கேப்பீங்க. கூடாது, குளிர் காய்ச்சல் இருக்குறவங்களுக்கு டாக்டர் அனுபவத்துல ஒரு மருந்து ஆரம்பிச்சிடுவாங்க, ரிப்போர்ட் வந்ததும் மாத்துவாங்க இல்ல அதையே தொடருவாங்க. சாம்பிள் மட்டும் அந்த முதல் டோஸுக்கு முன்னாடி எடுத்திருக்கணும், நீங்க எடுத்துட்டீங்க, நல்லதும்மா.

மதுரை வாசகர்: என் ரிப்போர்ட்ல மெரோபெனம் 0.25-ன்னும் நைட்ரோபுரன்டாயின் 16-ன்னும் போட்டு ரெண்டுக்கும் எஸ் குடுத்திருக்காங்க. டாக்டர் நைட்ரோபுரன்டாயின் மாத்திரை எழுதிட்டார். 0.25 தானே கம்மி, அதுதானே பவர்புல்? அதைக் கேட்டு வாங்கலாமா?

வேண்டாம் சார், உங்க டாக்டர் சரியாத்தான் எழுதியிருக்கார். அந்த நம்பருக்கு எம்.ஐ.சி.-ன்னு பேரு, கிருமி வளராம நிறுத்த ஒரு மி.லி.ல குறைஞ்சது எத்தனை மைக்ரோகிராம் மருந்து வேணும்னு அர்த்தம். ஆனா ஒரு மருந்தோட நம்பரை இன்னொரு மருந்தோட நம்பர் கூட வச்சு பாக்கவே கூடாது. இட்லி மாவுக்கு உப்பு எவ்ளோ, உளுந்து எவ்ளோன்னு அளவு வேற வேற இல்லையா, அது மாதிரி. இந்தக் கிருமிக்கு மெரோபெனம் 1 வரைக்கும் எஸ், நைட்ரோபுரன்டாயின் 32 வரைக்கும் எஸ். உங்களோடது 16, எல்லைக்குள்ள நிம்மதியா இருக்கு. மாத்திரையா முழுங்கினா அது ரத்தத்துல தங்காம நேரா சிறுநீர்ல போய்ச் சேரும், சிறுநீர்ப்பை தொத்துக்கு அதுதான் வேணும். அதே காரணத்தாலதான் கிட்னி வரைக்கும் தொத்து ஏறி காய்ச்சல் வந்தவங்களுக்கு அது பத்தாது, அப்ப எஸ்-ன்னு இருந்தாலும் டாக்டர் எழுத மாட்டார்.

மெரோபெனம் நரம்புல போடுற ஊசி, ஐ.சி.யூ.ல உயிருக்குப் போராடறவங்களுக்கு வேண்டியது. சில லேப்ல சின்ன மருந்துக்கே கிருமி கட்டுப்பட்டா பெரிய மருந்தோட ரிசல்ட்டை ரிப்போர்ட்ல அச்சடிக்கவே மாட்டோம், டாக்டர் கேட்டா மட்டும் சொல்வோம். மறைக்கறோம்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க, ஆனா அது நாங்க யோசிச்சு பண்றது, கண்ணுல பட்டா கை அதுக்குத்தான் போகும்.

ஐ பத்தியும் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ரெண்டுங்கெட்டான்னு நெனச்சு ஒதுக்கிடாதீங்க. இந்த எல்லைகளை முடிவு பண்ற ஐரோப்பியக் கமிட்டி 2019-லேர்ந்து அந்த எழுத்துக்கு 'டோஸ் கூட்டினா, இல்ல மருந்து நிறைய போய்ச் சேர்ற இடம்னா வேலை செய்யும்'னு தெளிவாவே அர்த்தம் குடுத்துட்டாங்க.

சேலம் வாசகி: ஒரு லேப்ல 'வளர்ச்சி இல்லை'ன்னு வந்துச்சு, எரிச்சல் போகல, நாலு நாள் கழிச்சு வேற லேப்ல குடுத்தா ஈ.கோலைன்னு வந்துச்சு. முதல் லேப் ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தியிருக்க வேண்டியதில்லம்மா. நீங்களே கடிதத்தோட கடைசி வரில எழுதியிருக்கீங்க, எரிச்சல் ஆரம்பிச்ச அன்னிக்கு ராத்திரி வீட்டுல மிச்சம் இருந்த சிப்ரோப்ளாக்சசின் ரெண்டு போட்டேன்னு. அந்த ரெண்டு மாத்திரைதான் காரணமா இருக்கும். சிறுநீர்ல மருந்து இருக்குறப்ப எடுத்த சாம்பிள்ல கிருமி அரை உயிரா இருக்கும், தட்டுல வளராது, ஆனா உடம்புக்குள்ள ஓரமா ஒளிஞ்சிருக்கறது நாலு நாள்ல திரும்ப எழுந்துக்கும். 'வளர்ச்சி இல்லை'ங்கற ரிப்போர்ட்டைப் பாத்து தொத்தே இல்லன்னு முடிவு பண்ணினவங்க எத்தனையோ பேர். லேப் படிவத்துல 'இப்போது எடுக்கும் மருந்து'ன்னு ஒரு கட்டம் இருக்கும், நூத்துல தொண்ணூறு படிவத்துல அது காலியாத்தான் வருது, தயவுசெஞ்சு அதை எழுதுங்க.

ஒரே கிருமிக்கு ரெண்டு லேப் வேற வேற எழுத்து போடுறதும் நடக்கும். சிப்ரோப்ளாக்சசின் வில்லையச் சுத்தி 22 மி.மீ. வட்டம்னு வச்சுக்கோங்க. பழைய அமெரிக்க எல்லைப்படி 21-க்கு மேல எஸ், அதனால எஸ். 2019-ல எல்லைய ஏத்தி 26-க்கு மேலதான் எஸ்-னு ஆக்கிட்டாங்க, அதனால இப்ப அதே 22 மி.மீ. ஐ. பழைய சார்ட்டை சுவத்துல ஒட்டி வச்சே காலம் தள்ளுற லேப்ல இன்னும் எஸ்-தான் வரும். அளந்தது சரி, எல்லை பழசு. லேப்ல போய் "எந்த வருஷ எல்லைக் கணக்கு பாக்கறீங்க"ன்னு கேளுங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

இன்னொன்னும் சொல்லணும், இது என் மனசுல இன்னும் உறுத்துது. நான் பயிற்சில இருந்த காலத்துல, பேர் வேண்டாம், மே மாச வெயில்ல ஒரு குழந்தையோட யூரின் டப்பா வார்டு ஜன்னல் ஓரமா நாலு மணி நேரத்துக்கு மேல கிடந்துட்டு லேபுக்கு வந்துச்சு. எடுத்த நேரம் எழுதல, நானும் கேக்கல. நல்ல சூடு கிடைச்சா ஈ.கோலை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகும், நாலு மணி நேரத்துல ஒன்னு நாலாயிரம். அடர்த்தியா வளந்துச்சு, பல மருந்துக்கு ஆர், நான் ரிப்போர்ட் குடுத்துட்டேன், அந்தக் குழந்தைக்கு ஊசி ஆரம்பிச்சாங்க. மூணாவது நாள் சீனியர் மேடம் திரும்ப சாம்பிள் எடுக்கச் சொன்னதுல ஒன்னுமே வளரல. மருந்தால வளரலையா, முதல்லயே இல்லையான்னு அதுக்கப்புறம் யாராலயும் சொல்ல முடியல. அன்னிலேர்ந்து எடுத்த நேரம் எழுதாத டப்பாவை வாங்க மாட்டேன்னு நிக்கறேன், வார்டுல எனக்கு நல்ல பேர் கிடையாது, பரவால்ல.

திருநெல்வேலி, மருத்துவ லேப் டெக்னாலஜி மாணவர்: மேடம், எங்க ஊர் ஆஸ்பத்திரி லேப்ல மெஷின், ஜீனைப் பாக்குற பி.சி.ஆர். எதுவும் கிடையாது. வில்லையும் தட்டும்தான். இதை வச்சு இ.எஸ்.பி.எல்., கார்பபெனமேஸ் எல்லாம் கண்டுபுடிக்க முடியுமா?

முடியும் தம்பி, அருமையா முடியும். உன் கேள்விதான் இந்த வாரம் எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்துச்சு.

இ.எஸ்.பி.எல்.-னா செபலோஸ்போரின் மருந்துகளை வெட்டிப் போடுற ஒரு என்சைம். அந்த என்சைமைக் கட்டிப் போட கிளாவுலனிக் ஆசிட்னு ஒன்னு இருக்கு. செபோடாக்சிம் தனியா ஒரு வில்லை, செபோடாக்சிம் கூட கிளாவுலனிக் ஆசிட் சேத்து இன்னொரு வில்லை, ரெண்டையும் ஒரே தட்டுல வை. செப்டாசிடிமுக்கும் அதே மாதிரி ஒரு ஜோடி. சேத்து வச்ச வில்லையோட வட்டம் தனி வில்லைய விட 5 மி.மீ. அல்லது அதுக்கு மேல பெருசா இருந்தா இ.எஸ்.பி.எல். உறுதி.

சீழ் புடிக்க வைக்கிற ஸ்டாபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி வந்தா டி டெஸ்டை விட்டுடாத. எரித்ரோமைசின் வில்லையும் கிளிண்டாமைசின் வில்லையும் 15-லேர்ந்து 26 மி.மீ. இடைவெளில வை. தனியா வச்சா கிளிண்டாமைசினுக்கு அழகா வட்டம் போட்டு எஸ்-ன்னு காட்டும், ஆனா பக்கத்துல எரித்ரோமைசின் இருக்குற பக்கம் மட்டும் வட்டம் தட்டையாகி ஆங்கில டி எழுத்து மாதிரி ஆச்சுன்னா, அந்தக் கிருமி கிட்ட எதிர்ப்பு ஜீன் தூங்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், எரித்ரோமைசின் பட்டதும் முழிச்சுக்குது. அப்ப கிளிண்டாமைசினுக்கு ஆர்-னுதான் போடணும். முதல் தடவை அந்தத் தட்டையான ஓரத்தைப் பாத்தப்ப நான் தட்டை ஜன்னலண்ட எடுத்துட்டுப் போய் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன், நீயும் நிப்ப.

எம்.ஆர்.எஸ்.ஏ.க்கு, அதாவது மெத்திசிலின் வகை மருந்துக்குக் கட்டுப்படாத அதே ஸ்டாபைலோகாக்கஸுக்கு, செபாக்சிடின் வில்லை, 21 மி.மீ. அல்லது கம்மின்னா எம்.ஆர்.எஸ்.ஏ. அவ்ளோதான்.

கார்பபெனமேஸுக்கு, அதாவது மெரோபெனம் வகை மருந்தை வெட்டிப் போடுற என்சைமுக்கு, எம்சிம்னு ஒரு முறை இருக்கு, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சோயா சாறு கலந்த திரவம் 2 மி.லி. ஒரு டியூப்ல எடு, சந்தேகப்படுற கிருமிய ஒரு சின்ன வளையம் அளவு அதுல கரை, மெரோபெனம் வில்லை ஒன்னை உள்ள போட்டு 35 டிகிரில நாலு மணி நேரம் ஊற வை. கிருமி கிட்ட அந்த என்சைம் இருந்தா வில்லைல இருக்குற மருந்தை இந்த நாலு மணி நேரத்துல தின்னு தீத்துடும். அப்புறம் வில்லைய எடுத்து, எந்த மருந்துக்கும் சாகற சாதுவான ஈ.கோலை, ஏ.டி.சி.சி. 25922, அதைப் பூசின தட்டு மேல வை. மறுநாள் வில்லைய ஒட்டியே அந்த சாது ஈ.கோலை வளந்திருந்தா வில்லைல மருந்தே மிச்சம் இல்ல, வட்டம் 15 மி.மீ. வரைக்கும் பாசிட்டிவ். 19-க்கு மேல பெரிய வட்டம் வந்தா மருந்து அப்படியே இருக்கு, நெகட்டிவ். நடுவுல வந்தா திரும்பப் பண்ணு. இன்னொரு டியூப்ல இ.டி.டி.ஏ. சேத்து ஓட்டினா என்.டி.எம். மாதிரி துத்தநாகத்தை நம்பி இருக்குற என்சைமா இல்லையான்னும் தெரிஞ்சுடும், ஏன்னா இ.டி.டி.ஏ. துத்தநாகத்தைப் புடிச்சு வச்சுக்கும், என்சைம் செத்துடும், வட்டம் 5 மி.மீ. அல்லது அதுக்கு மேல பெருசாகும்.

எல்லாத்துக்கும் மேல, அந்த 25922-ஐ வச்சு உன் வில்லைகளையும் அகாரையும் தவறாம சோதிச்சுப் பாரு. அகார் 4 மி.மீ. கனம் இருக்கணும், தடிமனா ஊத்தினா வட்டம் சின்னதாகி எஸ் எல்லாம் ஆர் ஆகும், மெல்லிசா ஊத்தினா தலைகீழ். கரண்ட் போய் பிரிட்ஜ் சூடான ராத்திரிக்கு மறுநாள் வில்லைய நம்பாத, சோதிச்சுட்டு எடு.

சென்னை வாசகர்: என்.டி.எம்.-னா நியூ டெல்லின்னு சொல்றாங்களே, அது நம்ம சென்னைல இருக்கா?

இருந்துச்சு, இருக்கு. 2008-ல இந்திய வம்சாவளி ஸ்வீடன்காரர் ஒருத்தர், டெல்லில ஆஸ்பத்திரில இருந்துட்டு ஊருக்குத் திரும்பினவர், அவர் சிறுநீர்ல கிடைச்ச கிளெப்சியெல்லாவுல, மெரோபெனம் வகை மருந்தை வெட்டுற அந்த என்சைமை உண்டாக்குற ஜீனைக் கண்டுபுடிச்சு 2009-ல பேரோட வெளியிட்டாங்க. அடுத்த வருஷம் வந்த பெரிய ஆய்வோட முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தோட தரமணி வளாகத்துல ஆராய்ச்சி பண்ணின கார்த்திகேயன் குமாரசாமி. அதுல சென்னைல 44, ஹரியானால 26, பிரிட்டன்ல 37, இந்தியா பாகிஸ்தானோட மத்த இடங்கள்ல 73 கிருமிகள் கிட்ட அந்த ஜீன் இருந்துச்சு. ஊர் பேரை வச்சதுக்கு டெல்லில பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு, பேர் பத்தின சண்டைலயே கவனம் போச்சு, எனக்கு அது இன்னிக்கும் வருத்தம். 2011-ல டெல்லி குழாய்த் தண்ணி 50 சாம்பிள்ல 2-லயும், தெருவுல தேங்கின தண்ணி 171-ல 51-லயும் அந்த ஜீன் கிடைச்சுது. ஆஸ்பத்திரிக்குள்ள மட்டும் பூட்டி வைக்க முடியாதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

அதுக்கப்புறம் நல்லதும் நடந்துச்சு. 2012 ஆகஸ்ட்ல நாட்டோட பல மருத்துவச் சங்கங்கள் சென்னைல கூடி இதுக்குன்னு ஒரு செயல்திட்டம் எழுதினாங்க, சென்னைப் பிரகடனம்னே பேரு. 2014 மார்ச்லேர்ந்து பல ஆன்டிபயாடிக் அடங்கின எச்1 பட்டியல் மருந்துகளை சீட்டு இல்லாம விக்கக் கூடாது, வித்ததைத் தனி நோட்டுல எழுதி வைக்கணும். உங்க தெரு மெடிக்கல்ல அந்த நோட்டு இருக்கான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

தருமபுரி வாசகி: அப்பாவுக்கு டி.பி. சந்தேகம். சளிய மெஷின்ல போட்டு ரெண்டு மணி நேரத்துல டி.பி. இருக்கு, ரிபாம்பிசின் கேக்கும்னு சொல்லிட்டாங்க. அப்ப எல்லாக் கிருமிக்கும் இப்படியே ஜீனைப் பாத்து சொல்லலாமே? எதுக்கு வளத்துக்கிட்டு?

நல்ல கேள்விம்மா. அந்த ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பர்ல ஏத்துக்கிட்டாங்க, நம்ம கோவால தயாராகற ட்ரூநாட்டை 2020-ல. டி.பி.ல ஒரு வசதி என்னன்னா, ரிபாம்பிசினுக்கு வர்ற எதிர்ப்புல பெரும்பங்கு ஆர்.பி.ஓ.பி.-ங்கற ஒரே ஜீன்ல, 81 எழுத்து நீளமுள்ள ஒரு சின்ன இடத்துல நடக்குற மாற்றத்தால வருது. அந்த இடத்தை மட்டும் படிச்சா போதும். டி.பி. கிருமி வளர்றதும் ரொம்ப மெதுவு, திரவத்துல வளத்தா நெகட்டிவ்னு சொல்ல 42 நாள் வரைக்கும் காத்திருக்கணும், முட்டை கலந்த பழைய பச்சை நிற ஊடகம்னா எட்டு வாரம். அதனால ஜீன் டெஸ்ட் அங்க உயிர் காக்குது.

ஈ.கோலை, கிளெப்சியெல்லா அப்படி இல்ல. ஒரே மருந்தை எதிர்க்க அதுங்க கிட்ட பத்து வழி இருக்கும், என்சைமால வெட்டும், வாசலை மூடிக்கும், உள்ள வந்ததை பம்பு வச்சு வெளில தள்ளும். நாங்க தேடின அஞ்சு ஜீன் இல்லன்னு தெரிஞ்சா, அந்த அஞ்சு இல்லன்னு மட்டும்தான் தெரியும், மருந்து கேக்கும்னு சொல்ல முடியாது. அதனால ஐ.சி.யூ.ல அவசரத்துக்கு ஜீன் டெஸ்ட் பண்ணினாலும் கூடவே வளத்தும் பாப்போம்.

உங்க அப்பாவுக்கு ரிபாம்பிசின் கேக்கும்னு வந்தது நல்ல செய்தி. ஐசோநியாசிட் கேக்குதான்னு அடுத்த டெஸ்டும் பண்ணச் சொல்லியிருப்பாங்க, அதுக்கு சளி குடுக்க மறக்காதீங்க, எச்சில் வேண்டாம், காலைல நெஞ்சுலேர்ந்து வர்ற சளி.

விழுப்புரம் வாசகர்: மூணு நாள் காய்ச்சல், வைடால் ரத்த டெஸ்ட்ல டைபாய்டுன்னு வந்துச்சு. கல்ச்சர் தேவையா?

தேவை. வைடால் 1896-ல வந்த டெஸ்ட், பழைய தொத்து, தடுப்பூசி, வேற காய்ச்சல் எதுக்கும் பாசிட்டிவ் காட்டும், எந்த மருந்து கேக்கும்னு சொல்லவே சொல்லாது. நம்ம நாட்டுல டைபாய்டு கிருமி பெரும்பாலும் சிப்ரோப்ளாக்சசினுக்குக் கட்டுப்படறதில்ல. முதல் வாரத்துல, மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ரத்தக் கல்ச்சர் எடுக்கணும்.

நாமக்கல், கோழிப்பண்ணை நடத்துறவர்: கோழித் தீவனத்துல கோலிஸ்டின் போடக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. அதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்?

ரொம்ப சம்பந்தம் இருக்குங்க ஐயா. எல்லா மருந்தும் கைவிட்டப்புறம் ஐ.சி.யூ.ல கடைசியா எடுக்கறது கோலிஸ்டின். 2015 நவம்பர்ல சீனால பன்னி, இறைச்சி, நோயாளி மூணுலயும் கிடைச்ச ஈ.கோலைல எம்.சி.ஆர்.-1-னு ஒரு ஜீனைப் பாத்தாங்க, ஒரு கிருமிலேர்ந்து இன்னொரு கிருமிக்குக் கை மாத்திக் குடுக்கற மாதிரி போற ஜீன். பண்ணைல உருவானது மனுஷனுக்கு வர ரொம்ப தூரம் இல்ல. நம்ம அரசு 2019 ஜூலைல தீனிக்கு வளக்கற விலங்குகளுக்கு கோலிஸ்டினைத் தடை பண்ணினாங்க. லேப்ல இந்த மருந்துதான் எங்களுக்குப் பெரிய தலைவலி, மூலக்கூறு பெருசு, அகார்ல பரவாது, வில்லை வச்சா வட்டம் பொய் சொல்லும். குழி குழியா இருக்குற தட்டுல திரவத்துல மருந்தைப் பாதி பாதியா கரைச்சுத்தான் பாக்கணும். வில்லைல பாத்து கோலிஸ்டின் எஸ்-ன்னு யாராவது குடுத்தா அந்த ரிப்போர்ட்டை நம்பாதீங்க, அமெரிக்கக் கணக்குல 2020-லேர்ந்து அதுக்கு எஸ்-ங்கற எழுத்தே கிடையாது. நீங்க நிறுத்தினது பெரிய உதவி, மனசார சொல்றேன்.

திருச்சி வாசகி: அம்மா ஐ.சி.யூ.ல இருக்காங்க. கல்ச்சருக்குன்னு ரெண்டு கைலயும் குத்தி அவ்ளோ ரத்தம் எடுத்தாங்க. ஏற்கனவே சோகை. ஒரு தடவை எடுத்தா பத்தாதா?

உங்க பயம் புரியுது. ரத்தத்துல தொத்து இருக்குற பெரியவங்களுக்குக் கூட சில நேரம் ஒரு மி.லி.ல ஒரு கிருமிதான் இருக்கும், அதுக்கும் கம்மியாவும் இருக்கும். 2 மி.லி. எடுத்தா அது சிக்காமலே போகலாம், அதான் ஒரு பாட்டிலுக்கு 8-லேர்ந்து 10 மி.லி. எடுக்கறாங்க. ரெண்டு கை எதுக்குன்னா, தோல் மேல எப்பவும் வாழற சாதுவான கிருமி ஊசியோட உள்ள வந்துடும். ஒரு கைல எடுத்ததுல மட்டும் அது வளந்தா பெரும்பாலும் தோல்லேர்ந்து வந்தது, ரெண்டுலயும் வளந்தா நெஜமாவே ரத்தத்துல இருக்கலாம். ஒரே பாட்டில் எடுத்தா இதைப் பிரிச்சு சொல்லவே முடியாது, தேவையில்லாத மருந்து பத்து நாள் ஏறும்.

அந்த பாட்டிலை மெஷின்ல வச்சா சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மெஷின் அதைப் பாத்துக்கிட்டே இருக்கும், கிருமி மூச்சு விடற கரியமில வாயுவால பாட்டிலோட அடில இருக்குற கலர் மாறும். சத்தம் குடுத்ததும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் டூட்டில இருக்கறவங்க எடுத்து கிராம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்து வார்டுக்கு போன் பண்ணுவாங்க. அந்த முதல் போன்தான் மருந்தை மாத்தும். அஞ்சு நாள் சத்தம் வரலன்னா வளர்ச்சி இல்லன்னு முடிப்போம். அம்மா சீக்கிரம் வீட்டுக்கு வரட்டும்.

தஞ்சாவூர் வாசகி: யூரின் கல்ச்சருக்கு வீட்டுலேர்ந்து எப்படி எடுத்துட்டு வரணும்? லேப்ல டப்பாவைக் குடுத்துட்டு ஒன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க.

மெடிக்கல்லயோ லேப்லயோ குடுக்கற மூடி சீல் உடைக்காத டப்பாதான், கழுவின ஹார்லிக்ஸ் பாட்டில், மாத்திரை டப்பா எதுவும் வேண்டாம். காலைல முதல்ல போறது நல்லது, முடியலன்னா மூணு நாலு மணி நேரம் அடக்கி வச்சுட்டுப் போங்க. கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு, அந்த இடத்தை வெறும் தண்ணில முன்னாடிலேர்ந்து பின்னாடியா கழுவிக்கோங்க, டெட்டால் வேண்டாம், கிருமிய அதுவே கொன்னுடும். முதல்ல வர்றதைக் கீழ விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிங்க, பாதி டப்பா போதும். டப்பாவோட உள்பக்கத்தையும் மூடியோட உள்பக்கத்தையும் விரல் தொடக் கூடாது. டியூப் போட்டிருக்குற பெரியவங்கன்னா பையிலேர்ந்து ஊத்தவே கூடாது, நர்ஸை டியூப்லேர்ந்து ஊசில எடுக்கச் சொல்லுங்க.

ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்ல குடுத்துடணும். பஸ் புடிச்சு வர லேட்டாகும்னா கவர்ல போட்டு பிரிட்ஜ்ல பால் வைக்கற தட்டுல வைங்க, ப்ரீசர்ல வேண்டாம், வரும்போது ஐஸ் போட்ட பையில எடுத்துட்டு வாங்க. பேரு, எடுத்த நேரம், கடைசியா போட்ட மாத்திரை பேரு மூணையும் டப்பாவோட உடம்புல ஒட்டுங்க, மூடி மேல எழுதாதீங்க, எங்க மேஜைல ஒரே நேரத்துல இருபது டப்பா மூடி திறந்து இருக்கும், எந்த மூடி எந்த டப்பாவோடதுன்னு அப்புறம் தெரியாமப் போயிடும்.